கடிகாரம் தந்த வெற்றி



சதுரங்கப் பலகையைப் பற்றி ஒரு குடும்ப இதழில் எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்று நீங்கள் எண்ணக்கூடும். ஆயினும் அண்மையில் நம் கைக்கு வந்த மடல் ஒன்று, இவ்வாட்டத்தைப் பற்றியும், அதன் வழியாக நம் பிள்ளைகளின் வளர்ச்சியைப் பற்றியும் சற்றே ஆழ்ந்து சிந்திக்கத் தூண்டியது.

மடலை எழுதியவர் ஒரு தந்தை. அவருடைய பதினான்கு வயது மகள் கைபேசியில் நாள்தோறும் சதுரங்கம் ஆடுகிறாள். மூன்று நிமிடத்திலும் ஐந்து நிமிடத்திலும் முடிந்துவிடும் விரைவு ஆட்டங்கள் அவை. தொடக்கத்திலேயே ஒரு சிப்பாயை வலியப் பலிகொடுத்து, எதிராளியைப் பொறியில் வீழ்த்தும் முறை ஒன்றைக் காணொளி வாயிலாகக் கற்றுக்கொண்டு, எட்டுப் பத்து நகர்வுகளிலேயே பலரை வென்று வந்தாள். அந்த மகிழ்ச்சியோடு, ஒவ்வொருவருக்கும் ஒன்றரை மணி நேரம் தரப்படும் போட்டி ஒன்றிற்குச் சென்றாள். அங்கே அந்தப் பொறியில் எவரும் விழவில்லை. ஒரு சிப்பாயை இழந்த நிலையிலேயே ஆட்டங்கள் நீண்டன. ஒன்றன்பின் ஒன்றாகத் தோல்வியில் முடிந்தன. “எனக்குச் சதுரங்கமே வராது” என்று கூறிப் பலகையை மடித்து வைத்துவிட்டாளாம். “குறுக்கு வழியில் போனால் இப்படித்தான்” என்கிறார் பாட்டனார். தந்தைக்கோ ஐயம். அது குறுக்கு வழிதானா? அத்தனை பேரை வென்ற முறை ஒரே நாளில் எப்படிப் பயனற்றதாயிற்று? பிள்ளைக்கு என்ன சொல்வது?

நல்ல கேள்விகள். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

காலை இடறும் கலை

தொடக்கத்தில் ஒரு காயை, பெரும்பாலும் ஒரு சிப்பாயை, எதிராளிக்கு விட்டுக்கொடுத்து, அதற்கு ஈடாக விரைவான தாக்குதலைப் பெற முயலும் முறைக்குச் சதுரங்க உலகில் ‘கேம்பிட்’ என்று பெயர். தமிழில் பலித் தொடக்கம் எனலாம். சின்ன மீனைப் போட்டுப் பெரிய மீனைப் பிடிப்பது என்று நம்மவர் சொல்வார்களே, ஏறக்குறைய அதுதான். இச்சொல் இத்தாலிய மொழியிலிருந்து வந்தது. ‘காம்பா’ என்றால் அம்மொழியில் கால். மல்யுத்தத்தில் எதிராளியின் காலை இடறி வீழ்த்தும் உத்திக்கு வழங்கிய சொல்லே சதுரங்கத்திற்கும் வந்து சேர்ந்தது. அதனை இவ்வாட்டத்தின் சொல்லாக எடுத்தாண்டவர் ஸ்பெயின் நாட்டுக் குருவானவர் ரூய் லோப்பஸ். 1561ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட சதுரங்க நூல் புகழ் பெற்றது. அவர் பெயரால் வழங்கும் தொடக்கமுறை இன்றும் உலகப் பெரும் போட்டிகளில் ஆடப்படுகிறது.

பலித் தொடக்கங்கள் அனைத்தும் ஒரே தரத்தன அல்ல என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். சில, எதிராளி எவ்வளவு சரியாக ஆடினாலும், கொடுத்த சிப்பாய்க்கு ஏற்ற பலனைத் தருவன. இவை உறுதியானவை. வேறு சில, எதிராளி தவறினால் மட்டுமே பலன் தருவன. அவர் சரியான மறுமொழியைக் கண்டுகொண்டால், கொடுத்தது கொடுத்ததுதான். இவை உறுதியற்றவை. நம் மடலில் வரும் பெண் ஆடியது இந்த இரண்டாம் வகையைச் சார்ந்தது. அவர் குறிப்பிடும் முறைக்கு ஸ்டாஃபோர்டு கேம்பிட் என்று பெயர். எரிக் ரோசன் என்னும் அமெரிக்க ஆட்டக்காரர் 2020ஆம் ஆண்டை ஒட்டித் தம் காணொளிகளில் இதனை ஆடிக் காட்டியதால், உலகெங்கும் இளைஞரிடையே பரவிற்று.

எட்டு நகர்வில் ஒரு நாடகம்

சதுரங்கம் அறிந்தவர்கள் பலகையை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அறியாதவர்கள் கதையாகக் கேளுங்கள். இங்கே மந்திரி என்பது மூலைவாட்டில் செல்லும் காய். அரசனுக்குப் பக்கத்தில் நின்று எத்திசையிலும் பாயும் காயை அரசி என்று அழைப்போம்.

வெள்ளையும் கறுப்பும் தத்தம் அரசனுக்கு முன்னுள்ள சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்துகின்றன. வெள்ளை, அரசன் பக்கத்துக் குதிரையை வெளியே எடுத்துக் கறுப்பின் சிப்பாயைத் தாக்குகிறது. கறுப்போ, தன் சிப்பாயைக் காக்காமல், தானும் அரசன் பக்கத்துக் குதிரையை வெளியே எடுத்து வெள்ளையின் சிப்பாயைத் தாக்குகிறது. இதுவரை குற்றமில்லை, ரஷ்யத் தற்காப்பு என்று பெயர்பெற்ற, மதிப்புக்குரிய முறை இது. வெள்ளைக் குதிரை கறுப்புச் சிப்பாயை வெட்டுகிறது. இங்கே அறிந்தவர்கள், அரசிக்கு முன்னுள்ள சிப்பாயை ஓரடி நகர்த்தி அந்தக் குதிரையை விரட்டிவிட்டுப் பின்னர் தம் சிப்பாயை மீட்பார்கள். ஸ்டாஃபோர்டு முறையிலோ, கறுப்பு தன் இரண்டாவது குதிரையை வெளியே கொண்டுவந்து, “விருப்பமானால் வெட்டிக்கொள்” என்று நீட்டுகிறது. வெள்ளை வெட்ட, கறுப்பு தன் அரசிக்கு முன்னிருந்த சிப்பாயால் திருப்பி வெட்டுகிறது.

கணக்குப் பார்த்தால் குதிரைக்குக் குதிரை சரியாகிவிட்டது. கறுப்புக்கு ஒரு சிப்பாய் நட்டம். ஆனால் கறுப்பின் இரு மந்திரிகளுக்கும் அரசிக்கும் வழி திறந்துவிட்டது. வெள்ளையின் பக்கம் ஒரே ஒரு சிப்பாய்தான் வெளியே நிற்கிறது. அதனைக் காக்க, அரசிக்கு முன்னுள்ள சிப்பாயை ஓரடி நகர்த்துவது எவருக்கும் இயல்பாகத் தோன்றும். கறுப்பு தன் மந்திரியை வெளியே எடுத்து, வெள்ளை அரசனைத் தவிர வேறெவரும் காவாத சிப்பாயின்மேல் குறிவைக்கிறது. வெள்ளைக்கு அடுத்து இயல்பாகத் தோன்றும் நகர்வு, தன் மந்திரியைக் கொண்டு கறுப்புக் குதிரையைக் கட்டிவைப்பது. குதிரை நகர்ந்தால் பின்னால் நிற்கும் அரசி பறிபோகுமல்லவா?

அங்கேதான் பொறி. கறுப்புக் குதிரை, கட்டை அறுத்துக்கொண்டு, வெள்ளையின் நடுச் சிப்பாயை வெட்டிவிடுகிறது. ‘அரசி கிடைத்தாள்’ என்று வெள்ளை மந்திரி பாய்ந்து கறுப்பு அரசியை வெட்டுகிறது. உடனே கறுப்பு மந்திரி அரசன் பக்கத்துச் சிப்பாயை வெட்டி முற்றுகையிடுகிறது. அரசனுக்குச் செல்ல ஒரே கட்டம்தான் உண்டு; சென்றவுடன், மற்ற மந்திரி வெளியே வந்து முடிவான முற்றுகை வைக்கிறது. ஆட்டம் முடிந்தது. அரசியை இழந்தவர் எட்டாம் நகர்வில் வென்றார்! அரசியைக் கொடுத்துச் சிறு காய்களால் வெல்லும் இக்கலையைப் பதினெட்டாம் நூற்றாண்டில் பாரிஸ் நகரில் ஆடிய லெகால் என்பவரின் பெயரால் சதுரங்க உலகம் நெடுங்காலமாக நினைவுகூர்கிறது.

கேட்பதற்கே இன்பமாக இருக்கிறது. ஒரு முறை இவ்வாறு வென்ற பிள்ளை மறுமுறையும் இதையே ஆட விரும்புவதில் வியப்பென்ன?

இனி மறுபக்கத்தையும் பாருங்கள். குதிரையைக் கட்டிவைக்கும் அந்த ஆசைக்கு இடங்கொடாமல், வெள்ளை தன் மற்ற மந்திரியை அமைதியாக ஓரடி எடுத்து அரசனுக்கு முன்னால் வைத்துவிட்டால் போதும். பின்னர் நடுவில் சிப்பாய்களை ஒழுங்காக முன்னேற்றினால், கறுப்பின் தாக்குதல் எரிபொருள் தீர்ந்த விளக்கைப் போல் அணைந்துவிடும். ஒரு சிப்பாயும் மிகுதி, நிலையும் மேல். இன்றைய கணினி நிரல்கள் இம்முடிவை ஒரு நொடியில் சொல்லிவிடுகின்றன. ஆகவே இது சரியாக ஆடுபவரிடம் செல்லாத காசு என்பதில் ஐயமில்லை.

காலமும் ஒரு காயே

செல்லாத காசு பின் எப்படிப் பலரிடம் செல்லுபடியாயிற்று? இதற்கு விடை பலகையில் இல்லை. பக்கத்திலுள்ள கடிகாரத்தில் இருக்கிறது.

உலகச் சதுரங்கக் கூட்டமைப்பின் விதிப்படி, ஒவ்வொருவருக்கும் பத்து நிமிடமோ அதற்குக் குறைவாகவோ தரப்படும் ஆட்டம் ‘பிளிட்ஸ்’, அதாவது மின்னல் ஆட்டம், எனப்படும். மூன்று நிமிட ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். ஓர் ஆட்டம் 40 நகர்வுகள் நீளும் என்றால், ஒரு நகர்வுக்குக் கிடைப்பது நாலரை நொடி. ஒன்றரை மணி நேர ஆட்டத்திலோ அதே 40 நகர்வுகளில் ஒவ்வொன்றுக்கும் இரண்டேகால் நிமிடம் கிடைக்கும். நாலரை நொடியில் மனிதன் சிந்திப்பதில்லை, பழக்கத்தால் ஆடுகிறான். காக்க வேண்டியதைக் காப்பதும், கட்ட முடிந்ததைக் கட்டுவதும், இலவசமாகக் கிடைப்பதை எடுப்பதும் பழக்கம். இந்தப் பொறியின் சூட்சுமம் யாதெனில், பழக்கமான நல்ல நகர்வுகளே இங்கே தீய நகர்வுகளாக மாறிவிடுகின்றன.

மேலும், பொறி வைப்பவர் எட்டு நகர்வுகளையும் மனப்பாடமாக வைத்திருக்கிறார். அவருக்குச் செலவாவது ஓரிரு நொடிகளே. எதிராளியோ இந்நிலையை முதன்முறையாகக் காண்கிறார், திகைக்கிறார், பொறியைக் கண்டு விலகினாலும் ஒரு நிமிடத்தைச் செலவிட்டுவிடுகிறார். மூன்று நிமிட ஆட்டத்தில் ஒரு நிமிடம் என்பது ஒரு சிப்பாயைவிட விலை உயர்ந்தது. ஆகவே மின்னல் ஆட்டத்தில் காலமும் ஒரு காயே. உறுதியற்ற பலித் தொடக்கத்தை ஆடுபவர், பலகையில் ஒரு சிப்பாயைக் கொடுத்துக் கடிகாரத்தில் ஒரு காயை வாங்குகிறார். விரைவு ஆட்டத்தில் இது அறிவற்ற வாணிகம் அன்று. ஆட்டத்தின் நேரம் நீண்டதும், வாங்கிய காய் மறைந்துபோகிறது. கொடுத்த சிப்பாய் மட்டும் குறைந்தே நிற்கிறது. நம் பெண்ணுக்கு நேர்ந்தது இதுவே. அவள் ஆட்டம் ஒரே நாளில் கெட்டுவிடவில்லை. அவளுக்குத் துணை நின்ற கடிகாரம் அன்று எதிராளிக்குத் துணை நின்றது.

பெரியவர்கள் கண்ட பாடம்

இந்தப் பாடத்தைக் கற்றவள் அவள் ஒருத்தி அல்லள். சதுரங்க உலகமே இதைக் கற்க நெடுங்காலம் ஆயிற்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பலிகொடுத்துத் தாக்குவதே வீரம் என்று கருதப்பட்டது. 1851ஆம் ஆண்டு இலண்டனில் அடால்ஃப் ஆண்டர்சன் என்பவர், ஒரு மந்திரி, இரு யானைகள், அரசி ஆகிய அனைத்தையும் கொடுத்து எதிராளியின் அரசனை வீழ்த்தினார். அவ்வாட்டம் ‘அழியா ஆட்டம்’ என்று இன்றும் போற்றப்படுகிறது. பின்னர் வந்தவர் வில்ஹெல்ம் ஸ்டைனிட்ஸ். 1886ஆம் ஆண்டு முதல் உலக வாகையராக முடிசூடிய இவர், நிலை இடந்தரும்போதுதான் தாக்க வேண்டும் என்றும், இடந்தராத தாக்குதலைப் பொறுமையுடன் எதிர்கொண்டால் அது முறிந்துபோகும் என்றும் ஆடிக் காட்டினார். கொடுத்ததை வாங்கிக்கொள், பதறாமல் காத்துக்கொள் என்பது அவர் நெறி. பதறாத காரியம் சிதறாது என்னும் நம் பழமொழியை அவர் கேட்டதில்லை. எனினும் அதன்படியே நடந்தார்.

இதற்குப் பல ஆண்டுகளுக்குப் பின்னும் அதே போராட்டம் உலக அரங்கில் நிகழ்ந்தது. லாட்வியாவின் ரீகா நகரைச் சார்ந்த மிகையில் தால், 1960ஆம் ஆண்டு மிகையில் போட்வின்னிக்கை வென்று, 23 வயதில் உலக வாகையர் ஆனார். தால் கொடுத்த பலிகள் பலவற்றில் குறை இருந்ததைப் பின்னர் அமைதியாக அமர்ந்து ஆராய்ந்தவர்கள் கண்டார்கள். ஆனால் அந்தக் குறையைக் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கையில், அவருக்கு எதிரே அமர்ந்து கண்டுபிடிக்க வல்லவர்கள் மிகச் சிலரே. மறு ஆண்டு, 1961இல், போட்வின்னிக் மீண்டும் போட்டிக்கு வந்தார். தாலின் ஆட்டங்களை ஓராண்டு முழுதும் ஆராய்ந்து, அவருக்கு உகந்த குழப்பமான நிலைகளைத் தவிர்க்கும் திட்டத்தோடு வந்தார். 13க்கு 8 என்னும் புள்ளிக் கணக்கில் பட்டத்தை மீட்டார். அவ்வேளையில் தாலின் உடல்நலமும் குன்றியிருந்தது என்பதை நேர்மையோடு சொல்லிவிட வேண்டும். எனினும் முதன்முறை திகைத்து நின்றவர், படித்துவிட்டு வந்தால் வேறு மனிதராகிவிடுகிறார் என்பது மட்டும் தெளிவு.

இங்கே ஒரு வேறுபாட்டையும் மறத்தல் ஆகாது. தால் மனப்பாடமான பொறியை வைத்துக் காத்திருந்தவர் அல்லர். பலிகொடுத்தபின் எழும் சிக்கலில் எதிராளியைவிட ஆழமாகவும் விரைவாகவும் கணக்கிட அவரால் முடிந்தது. பொறி தவறினாலும் ஆடத் தெரிந்தவர் அவர். நம் சிறார் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டியது இந்தத் திறனையே.

விரைவு ஆட்டமே தீயது என்றும் கூறுவதற்கில்லை. சென்னையில் சோவியத் பண்பாட்டு மையத்தில் இதே தாலின் பெயரால் ஒரு சதுரங்கக் கழகம் நடந்துவந்தது. சிறுவனாயிருந்த விசுவநாதன் ஆனந்த் அங்கே சென்று மின்னல் ஆட்டங்கள் ஆடித் தேர்ந்தார். வென்றவர் இருக்கையில் தொடரலாம். தோற்றவர் எழுந்து வரிசையின் கடைசிக்குச் செல்ல வேண்டும். அந்தப் பயிற்சியில் வளர்ந்தவர் 1988இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். பின்னர் உலக வாகையர் பட்டங்கள் பெற்றார். 2017ஆம் ஆண்டு, 48 வயதில், தம்மைவிட மிக இளையோரை வென்று உலக விரைவு ஆட்டப் பட்டத்தையும் சூடினார். அவரது விரைவுக்கு அடியில் ஆழ்ந்த கல்வி இருந்தது. அகல உழுவதினும் ஆழ உழுதல் நன்று என்பது நிலத்துக்கு மட்டும் பொருந்துவதன்று.

பொறி வைத்தல் குற்றமா?

பாட்டனார் குறுக்கு வழி என்கிறாரே, அதற்கு என்ன சொல்வது?

பாட்டனாரின் கவலையை மதிக்கிறேன். ஆயினும் அவர் தீர்ப்பை முழுவதும் ஏற்பதற்கில்லை. சதுரங்கத்தில் மறைவு என்று எதுவுமில்லை. இரு சாராரின் காய்களும் வெட்டவெளியில் நிற்கின்றன. பொறியும் எதிராளியின் கண்முன்னேதான் விரிக்கப்படுகிறது. எவரும் பொய் உரைக்கவில்லை; எவரும் எதையும் ஒளிக்கவில்லை. பார்க்கத் தெரிந்தவர் பார்த்துக்கொள்ளலாம். கைபேசி ஆட்டத்தில், பக்கத்தில் மற்றொரு கணினியை வைத்துக்கொண்டு அது சொல்லும் நகர்வை ஆடுகிறார்களே, அது வஞ்சகம். ஏனெனில் ஆடுபவர் தாமே அல்லர். பொறி வைப்பது அவ்வகையில் சேராது.

இவ்விடத்தில் நம் குருவானவர் ரூய் லோப்பஸையே எடுத்துக்கொள்ளலாம். எதிராளியின் கண்களில் வெயில் படுமாறு பலகையை வைக்கும்படி அவர் தம் நூலில் அறிவுரை தந்திருக்கிறார் என்று சதுரங்க வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுவார்கள். அக்காலத்தில் அது சாமர்த்தியமாகக் கருதப்பட்டிருக்கலாம். இன்று நம் பிள்ளைகளுக்கு நாம் அதனைக் கற்பிக்க மாட்டோம். பலகைக்கு உள்ளே எதிராளியைத் திகைக்க வைப்பது ஆட்டம்; பலகைக்கு வெளியே அவரைத் துன்புறுத்துவது ஆட்டமன்று. இந்த எல்லைக்கோடு தெளிவாக இருந்தால் போதும்.

ஆனால் குற்றமல்லாத யாவும் நன்மையாகிவிடுமா? பாட்டனாரின் கவலையில் உண்மை இருப்பது இங்கேதான். உறுதியற்ற பலித் தொடக்கத்தையே நாளும் ஆடி வெல்பவரின் உள்ளத்தில் ஒரு பழக்கம் மெல்ல வேரூன்றுகிறது. ‘நான் நன்றாக ஆடுவேன்’ என்னும் நம்பிக்கையின் இடத்தில் ‘அவர் தவறு செய்வார்’ என்னும் எதிர்பார்ப்பு வந்து அமர்கிறது. பிறருடைய தவற்றின்மேல் கட்டிய வீடு அது. பிறர் தவறாத நாளில் அதற்கு அடித்தளம் இல்லை.

வேறொரு நட்டமும் உண்டு. பத்து நகர்வுகளில் ஆட்டம் முடிந்துவிட்டால், நடு ஆட்டத்தையும் இறுதி ஆட்டத்தையும் கற்கும் வாய்ப்பே கிட்டுவதில்லை. ஒரு யானையும் சில சிப்பாய்களும் எஞ்சிய நிலையில் எவ்வாறு வெல்வது, எவ்வாறு தப்புவது என்பன ஆடி ஆடித்தான் கைவரும். விரைந்து வெல்பவர் அந்த வகுப்பிற்கே செல்லாமல் வீடு திரும்பிய மாணவரைப் போன்றவர். அத்துடன், கைபேசிச் சதுரங்கம் ஒவ்வொருவருக்கும் ஒரு தரப்புள்ளி கொடுத்து, ஏறக்குறைய அதே புள்ளியுள்ளவரோடு இணைக்கிறது. வெல்ல வெல்லப் புள்ளி உயரும். உயர உயரப் பொறியை அறிந்தவர்களே எதிரில் வருவார்கள். ஏணியின் மேற்படியில் நிற்கையில்தான், கீழ்ப்படிகள் அனைத்தையும் ஒரே பொறி கொண்டு ஏறிவந்தது தெரியவரும்.

பிள்ளைக்குச் சொல்ல வேண்டியவை

ஆகவே அந்தத் தந்தைக்கு என் மறுமொழி இது. மகளிடம் அந்தப் பலித் தொடக்கத்தை விட்டுவிடச் சொல்ல வேண்டாம். அது அவளுக்குச் சில நல்ல பொருள்களைக் கற்றுத் தந்திருக்கிறது. காய்களின் எண்ணிக்கையினும் அவற்றின் வேகம் பெரிதாகும் தருணம் உண்டு என்பதை அறிந்திருக்கிறாள். ஒன்றைக் கொடுக்க அஞ்சாதிருக்கிறாள். எல்லாவற்றையும் இறுகப் பற்றிக்கொண்டு நடுங்கி ஆடும் பிள்ளையைவிட இவளுக்குச் சதுரங்கம் எளிதில் வரும். தோற்றது எட்டு நகர்வுகளின் மனப்பாடம். அவளுடைய அறிவு இன்னும் போட்டிக்கே வரவில்லை. இதனை அவளுக்கு எடுத்துரையுங்கள். பின்னர் மூன்று சிறிய ஏற்பாடுகளைச் செய்யுங்கள்.

முதலாவது, அந்தப் பொறியை அவள் எதிர்ப்பக்கத்தில் அமர்ந்து ஆடட்டும். பாட்டனாருக்குச் சதுரங்கம் தெரியுமாதலால், அவரே கறுப்புக் காய்களை எடுத்துப் பேத்திக்குப் பொறி வைக்கட்டும். அதனை முறிக்கும் வழியை அவள் தானே காணவேண்டும். தன் ஆயுதம் எங்கே முறியும் என்று அறியாதவர் அதனை ஏந்தத் தகுதியற்றவர். அறிந்தபின்னும் அவள் விரைவு ஆட்டத்தில் அதனை விரும்பி ஆடினால், அது அறிந்து ஏற்ற துணிவு. ஆழம் தெரியாமல் காலை விட்ட கதையாகாது.

இரண்டாவது, நேரத்திற்கேற்ற ஆட்டம் வேண்டும். மூன்று நிமிடத்திற்கு ஒரு தொடக்கம், ஒன்றரை மணி நேரத்திற்கு வேறொரு தொடக்கம் என்று வைத்துக்கொள்வது தேர்ந்தவர்களின் வழக்கமே. நெடிய ஆட்டத்திற்கு அவள் வெகுதூரம் தேட வேண்டியதில்லை. அதே ரஷ்யத் தற்காப்பில், குதிரையைப் பலியாக நீட்டாமல் சிப்பாயை ஓரடி நகர்த்தி ஆடினால், உலகப் பெரும் ஆட்டக்காரர்கள் கையாளும் உறுதியான முறை அவள் கைக்கு வந்துவிடும். ஒரே ஒரு நகர்வுதான் வேறுபாடு. வாரத்திற்கு ஒரு முறையேனும், கைபேசியை ஒதுக்கிவிட்டு, மரப்பலகையில் ஒரு மணி நேர ஆட்டம் ஒன்றைக் குடும்பத்தில் ஒருவரோடு அவள் ஆடட்டும்.

மூன்றாவதே முதன்மையானது. தோல்விக்குப் பின் ஆட்டத்தை ஆராய்வது எல்லாரும் சொல்லும் அறிவுரை. நான் சொல்வது, வெற்றிக்குப் பின்னும் ஆராய வேண்டும் என்பது. ‘இந்த இடத்தில் எதிராளி சரியாக ஆடியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்?’ என்னும் ஒரு கேள்வியை ஒவ்வொரு வெற்றியின் முடிவிலும் அவள் தன்னைக் கேட்டுக்கொள்ளட்டும். விடை இருந்தால் அந்த வெற்றி அவளுடையது. விடை இல்லையேல் அது கடிகாரம் தந்த வெற்றி. கடிகாரம் எப்போது வேண்டுமானாலும் அதனைத் திரும்பக் கேட்கும்.

பெற்றோர்களுக்கும் ஒரு சொல். பிள்ளை ஆடிவிட்டு வந்ததும் நாம் முதலில் கேட்பது, “வென்றாயா, தோற்றாயா?” என்பதே. சதுரங்கத்தில் மட்டுமா? தேர்விலும் அவ்வாறே மதிப்பெண்ணைக் கேட்கிறோம். வினாத்தாளில் வரக்கூடியவற்றை மட்டும் ஊகித்துப் படித்து முதல் மதிப்பெண் வாங்கிய பிள்ளையையும், பாடத்தை உணர்ந்து படித்து இரண்டு மதிப்பெண் குறைந்த பிள்ளையையும் அந்தக் கேள்வி வேறுபடுத்திக் காட்டுவதில்லை. பொறிகளைப் பிள்ளைகள் தேடிச் செல்வதில் நம் கேள்விக்கும் ஒரு பங்கு உண்டு. இனி அதனைச் சற்றே மாற்றிக் கேட்டுப் பார்ப்போம்: “எப்படி ஆடினாய்? எனக்கும் காட்டு.” பலகையை விரித்துக் காட்டத் தொடங்கும் பிள்ளை, தன் வெற்றியில் எது தன்னுடையது, எது எதிராளியின் தவறு என்பதைத் தானே கண்டுகொள்ளும். நமக்குச் சதுரங்கம் தெரியாவிட்டாலும் குறையில்லை. உடன் அமர்ந்து கேட்பதற்குப் பொறுமை இருந்தால் போதும்.